ஏழாம் எண் வில்லை

ஜனவரி 19, திங்கள்

கடும் பனி. எட்டு மணி வரை மலை இல்லை, வெறும் வெள்ளைத் திரை. கடை திறக்கும்போதே கூரியர். கோவையிலிருந்து சிப்ஸ் மாதிரிகள். செல்வி பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, "நேந்திரம்பழமாக்கா?" என்றாள். பத்து வருடமாகக் கடையில் இருக்கிறாள், தின்கிறதில்தான் முதல் நினைப்பு. தின்கிற சிப்ஸ் இல்லடி, சீட்டாட்டத்தில் வைக்கிற வட்ட வில்லை என்று விளக்குவதற்குள் ரவிக்கைக்கு லைனிங் துணி கேட்டு வந்த அம்மா போய்விட்டாள்.

இதெல்லாம் எதற்கு என்று ஒரு வருடம் கழித்துப் படித்தால் எனக்கே மறந்திருக்கும். அதனால் ஒரு குறிப்பு. ஞாயிறு மூன்று மணிக்கு எங்கள் வேங்கிக்கால் வீட்டில் போக்கர். ஆறு வருடப் பழக்கம். நான், இவர், கலெக்டர் ஆபீஸ் கலைவாணி, ரிட்டயரான கணக்கு டீச்சர் பத்மாவதி. காசு கிடையாது. பத்மா சமண வீட்டுப் பெண், சூது ஆகாது. "காசு வைக்கலன்னா வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். ஜெயித்தவர் அடுத்த வாரப் பலகாரம் என்னவென்று சொல்லலாம், அவ்வளவே. பொழுது சாய்வதற்குள் பத்மா சாப்பிட்டாக வேண்டும், அதனால் ஐந்தரைக்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

முடிந்துவிடும் என்ன, முடிந்துவிட்டது. போன ஜூனிலிருந்து பத்மா வருவதில்லை. மூன்று பேராக ஆடுகிறோம். ருசி இல்லை.

புது வில்லை கலையின் யோசனை. "நம்மளே கலர் சொல்லி செஞ்சுக்கலாங்கா. கலர் பளிச்சுனு இருந்தா பிரச்சினையே வராது." எந்தப் பிரச்சினை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கலர் தேர்வு என் பொறுப்பு. "கலருக்கு சரளாக்காவ விட்டா ஊர்ல யாரு?"

வாங்க வேண்டியது: மெழுகுவர்த்தி, ஃபால்ஸ் ஒரு கட்டு, இவர் சர்க்கரை மாத்திரை.

ஜனவரி 20, செவ்வாய்

பதினொன்றரை வெயிலில் வாசலில் ஸ்டூல் போட்டுக்கொண்டு பார்த்தேன். கலரை டியூப்லைட்டில் பார்க்கக் கூடாது. புடவையோடு வருகிற எல்லாரையும் வாசலுக்குக் கூப்பிட்டுத்தான் ரவிக்கை பிட்டைக் காட்டுவேன். இருபத்தாறு வருடம்.

பன்னிரண்டு வில்லை, பின்பக்கம் எண்.

1. வெள்ளை. ஆனால் சந்தனம் கலந்த வெள்ளை. தூய வெள்ளை கேட்க வேண்டும்.
2. மிளகாய்ப்பழச் சிவப்பு. நல்லது.
3. அரக்கு. இரண்டுக்குப் பக்கத்தில் ஆகாது.
4. மாம்பழ மஞ்சள். கட்டாயம் வேண்டும்.
5. கிளிப்பச்சை. கண்ணைக் குத்துகிறது.
6. பாட்டில் பச்சை. மங்கல்.
7. கறுப்பு.
8. ஆரஞ்சு. சாமியார் ஊரில் இதுவும் எதற்கு.
9. சீட்டில் கத்திரிப்பூ என்று போட்டிருக்கிறான். எனக்குக் காப்பிக்கொட்டை.
10. வாடாமல்லி. சோகை.
11. கறுப்பு. மறுபடியுமா?
12. சாம்பல்.

கம்பெனிக்குப் போன். ஒரு பெண் எடுத்தாள். ஏழும் பதினொன்றும் ஒரே கலர், ஒன்றை மாற்றி அனுப்புங்கள் என்றேன்.

"இல்ல மேடம், ஏழு நேவி ப்ளூ. பதினொண்ணுதான் பிளாக்."

"ரெண்டும் என் கையில இருக்கும்மா."

"போன்ல அனுப்பின படத்துல பாருங்களேன் மேடம், வித்தியாசம் நல்லாத் தெரியும்."

"ஸ்கிரீன் கலரை நம்பி யாராவது துணி வெட்டுவாங்களா? கலர்லதான்மா நான் சோறு திங்கறேன்."

"செக் பண்றேன் மேடம்" என்றாள். பொறுமையான பெண். அதுதான் எரிச்சல்.

ஜனவரி 21, புதன்

பனி கம்மி. கூட்டமும் கம்மி. ஆரணிப் பட்டோடு ஒரு அம்மா நேற்று வாங்கிய பிட்டைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "புடவை ஊதா, நீங்க குடுத்தது காப்பிக் கலரு." புடவையை மாற்றிக் கொண்டுவந்திருப்பாள் என்று நினைத்தேன். நான் வாய் திறப்பதற்குள் செல்வி வாங்கிக்கொண்டு உள்ளே போய் வேறு வெட்டிக் கொடுத்துவிட்டாள். அந்த அம்மா செல்வியிடம், "நேத்து நீ இல்லியா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

என்ன கேள்வி அது.

மதியம் கீரைக் கூட்டு. இவருக்கு உப்பு ஜாஸ்தியாம்.

ஜனவரி 22, வியாழன்

காலை காபியோடு இவர் முன்னால் இரண்டு வில்லையையும் வைத்தேன். "இது ரெண்டும் என்ன கலர்?"

பேப்பரிலிருந்து கண்ணை எடுத்து, "அது நீலம், இது கறுப்பு" என்றார். மறுபடி பேப்பர். யோசிக்கக்கூட இல்லை.

பின்பக்கம் திருப்பினேன். நீலம் என்றது ஏழு.

பிறகு நாள் முழுக்க அதே வேலை. கேட்டவர்கள்:

பூக்காரம்மா. "ஒண்ணு நீலம், ஒண்ணு கறுப்பு. எதுக்கு கேக்கற?"
ஆட்டோ டிரைவர். அதே.
எதிர் பாத்திரக்கடை முதலியார். அதே. "பரிசு ஏதாச்சும் உண்டாம்மா?"
தபால்காரர். அதே.

ஐந்துக்கு ஐந்து. வாசல் வெயிலில் உள்ளங்கையில் வைத்து அரைமணி நேரம் பார்த்தேன். கறுப்பு, கறுப்பு.

செல்வியைக் கடைசியாகக் கேட்டேன். அவள் வில்லையைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தாள்.

"செல்வி, எத்தனை நாளா?"

"ஆடித் தள்ளுபடிக்கு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டேங்கா. நீலம், ஊதா, கறுப்பு, இது மூணும் வந்தா மட்டும் நீங்க வெட்டினத எடுத்து வச்சுட்டு நான் மாத்திக் குடுத்துடுவேன். மத்த கலர்லாம் நீங்க கரெக்டாதான் குடுக்கறீங்க."

"ஏண்டி சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? உங்க கண்ணுக்குனுதானே ஆரணியிலேருந்து வராங்க."

கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கவுண்டருக்கு அடியில் ஒரு பை. நான் தப்பாக வெட்டிய பிட்கள். அவளாகச் சேர்த்து, மடித்து, கழிவுத்துணி விலைக்குக்கூடப் போடாமல் வைத்திருக்கிறாள். பை நிறைய.

ஜனவரி 23, வெள்ளி

கண் ஆஸ்பத்திரி. கா. 9 முதல் 1 வரை. சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்காரவைத்தார்கள். பக்கத்து நாற்காலி அம்மா, தான் நாலு மாதமாகக் கண் தெரியாமல் வெந்தயம் என்று வேறு எதையோ போட்டுத் தாளிப்பதாகச் சொன்னார். சிரித்தோம்.

டாக்டர் சின்னப் பெண். "ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கும்மா. வலது ஜாஸ்தி. உள்ள இருக்கற லென்ஸ் மஞ்சளாயிடுச்சு. மஞ்சக் கண்ணாடி போட்டுட்டுப் பாக்கற மாதிரி. நீலமும் ஊதாவும் இருட்டாத்தான் தெரியும்."

"எத்தனை நாளா டாக்டர்?"

"ரெண்டு மூணு வருஷமா மெல்ல மெல்ல வந்திருக்கும். மெல்ல வர்றதால உங்களுக்குத் தெரியல."

பயப்பட ஒன்றுமில்லையாம். சின்ன ஆபரேஷன். பிப்ரவரி 5 குறித்துக் கொடுத்தார்.

வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ரெண்டு மூணு வருடம். போன ஜூன் அதற்குள் அடங்கும்.

ஜனவரி 24, சனி

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

ஜூன் மாத ஞாயிறு, கடைசி ஆட்டம். இவரும் கலையும் சீட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். நானும் பத்மாவும் மட்டும். பழைய பெட்டியில் கறுப்பு வில்லைக்கு மதிப்பு நூறு, நீலத்துக்குப் பத்து. "நூறு" என்று சொல்லி ஒரு வில்லை வைத்தேன். அவளும் "நூறு" என்று ஒன்று வைத்தாள். சீட்டைத் திறந்தோம், ஜெயித்தது நான். வில்லைகளை அள்ளிய கலை, "இதுல ஒண்ணு நீலமாச்சே" என்றாள்.

நான் வைத்தது கறுப்பு. எனக்குத் தெரியும். அப்படியானால் நீலம் யாருடையது?

"என்ன பத்மா, பத்து வச்சுட்டு நூறுங்கறியா?"

"நான் கறுப்புதான் வச்சேன் சரளா." ஒரே தடவைதான் சொன்னாள்.

கலை, "கலர்ல சரளாக்கா தப்பு பண்ணமாட்டாங்களே" என்றாள். இவர் மின்விசிறியைப் பார்த்தார். அதோடு விட்டிருக்கலாம். நான், "கணக்கு டீச்சருக்கே கணக்கு மறந்துபோச்சு போல" என்று சிரித்தேன். பொய் சொல்வதில்லை என்று விரதம் பிடிக்கிறவளிடம்.

பத்மா பையை எடுத்துக்கொண்டு போனாள்.

இன்று காலை அந்தப் பழைய பெட்டியைத் திறந்து கொட்டினேன். நீலமும் கறுப்பும் எனக்கு ஒன்றுதான். அன்றைக்கும் அப்படித்தான். கலை சொன்னதால் நீலம் என்று ஒப்புக்கொண்டேன், நானாகப் பார்க்கவில்லை. பார்த்த மாதிரி பேசினேன்.

ஜனவரி 25, ஞாயிறு

தலைவலி என்று கலைக்குப் போன். ஆட்டம் இல்லை.

இவரிடம் சொன்னேன். கண்புரை மட்டும்தான் அவருக்கு முன்பே தெரியும். ஜூன் கதையைச் சேர்த்துச் சொன்னதும் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே இருந்தார். "அப்ப பத்மா?" என்றார்.

இரண்டு தெரு தள்ளித்தான் பத்மா வீடு. ஏழு மாதமாகப் பால் பூத்துக்கு நான் சுற்றிக்கொண்டு போகிறேன். வெயில் கம்மி வழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது.

ஜனவரி 27, செவ்வாய்

போனேன். கா. 10. கையில் எதுவும் எடுத்துப் போகவில்லை. பழம், பூ என்று நீட்டினால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

பத்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "வா" என்றாள். "உக்காரு." தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மறுபடி கீரை.

சொன்னேன். வில்லை மாதிரிகள், ஏழும் பதினொன்றும், செல்வி, டாக்டர், எல்லாம் வரிசையாக. என் குரல் கடையில் பேசுகிற குரல் மாதிரியே இருந்தது. "அன்னிக்கு நீலம் வச்சது நான்தான் பத்மா. கண்ணு ஏமாத்திடுச்சு. மன்னிச்சுடு."

அவள் ஒரு காம்பை முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கண்ணு பண்ணதுக்கு என்ன மன்னிப்பு? அதுக்கு வயசாச்சு. வாய் பண்ணதுக்குக் கேளு."

தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

"எனக்கு ரெண்டு வழிதான் தெரிஞ்சுது சரளா. ஒண்ணு, நீ தெரிஞ்சே பொய் சொல்ற. இல்லன்னா, நான் பொய் சொல்றவள்னு நீ நெஜமாவே நம்பற. இதுல எது கம்மியா வலிக்கும்னு ஏழு மாசமா கணக்கு போட்டுப் பாத்துட்டேன். விடை வரல."

அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. புடவைத் தலைப்பையும் கொடுக்கவில்லை, கையையும் பிடிக்கவில்லை. அழுது முடிக்கும் வரை இருந்தாள்.

"நம்பினேன் பத்மா. அந்த ஒரு நிமிஷம் நம்பித்தான் சொன்னேன். தப்பு. மறுநாளே சந்தேகம் வந்துச்சு. வந்தும் வரல உங்கிட்ட."

"ம். அதுதான்." கீரையை முறத்தில் தட்டினாள். "நாலு பேர் இருக்கும்போது சொன்னது. எங்கிட்ட மட்டும் திருப்பிச் சொன்னா எப்படி சரியாவும்?"

ஞாயிறு வரச் சொன்னேன். "பாக்கறேன்" என்றாள்.

வரும்போது நேர் வழியில் வந்தேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். ரோடு முழுக்க பஸ். தண்ணீர் பாட்டில், சங்கு, கைக்குழந்தை, எல்லாம் மலையைப் பார்த்து நடக்கிறது. ஆட்டோ நகராமல் கலை பாதி வழி நடந்தே வந்தாள், செருப்பு அறுந்து. பத்மா மூன்றரைக்கு வந்தாள். கலை நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. "ஜூன் மாசம் நீலம் வச்சது நான். பத்மா வச்சது கறுப்பு. பத்மா சொன்னது நெஜம். நான் சொன்னது தப்பு. கணக்கு டீச்சர்னு கிண்டல் பண்ணது அதவிடத் தப்பு."

கலை அழ ஆரம்பித்தாள். "நான்தானே பத்மாக்கா, சரளாக்கா தப்பு பண்ணமாட்டாங்கன்னு…"

யாரும் எதிர்பார்க்காதது இவர் பேசியது. "நானும் ஒண்ணு சொல்லணும் டீச்சர். சரளா நீலத்தை எடுத்த மாதிரி எனக்கு அன்னிக்கே ஒரு சந்தேகம். சந்தேகந்தானேன்னு விட்டுட்டேன். வீட்ல சண்டை வேணாம்னு."

முப்பத்து நாலு வருடக் கல்யாணம். இது இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவரைத் திட்டவும் எனக்கு வாயில்லை.

பத்மா எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். "சரி" என்றாள். கலை கொண்டுவந்த தட்டையில் ஒன்று எடுத்துத் தின்றாள். எங்கள் பேத்தி படத்தைப் பார்த்தாள், மகள் நித்யா பெங்களூரில் வீடு மாற்றியதைக் கேட்டாள். நாலரைக்கு எழுந்தாள். "கிளம்பறேன்."

போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

வலது கண். பதினைந்து நிமிடம்தான். விளக்கு வெளிச்சமும் தண்ணீர் ஓடுகிற சத்தமும். வலி இல்லை. இவர் வெளியே மூன்று காபி குடித்தாராம், சர்க்கரையோடு. கட்டோடு வீடு. நான் சொல்லச் சொல்லத் தான் எழுதுவதாகச் செல்வி சொன்னாள், வேண்டாம் என்று நானே கிறுக்குகிறேன்.

தலைக்குக் குளிக்கக் கூடாது. குனியக் கூடாது. சொட்டு மருந்து நாலு வேளை.

பிப்ரவரி 6, வெள்ளி

கட்டு பிரித்தார்கள்.

முதலில் பார்த்தது நர்ஸ் சட்டை. அப்படி ஒரு நீலம். "என்னம்மா, கண்ணு கூசுதா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். அந்தப் பெண்ணின் தோள்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் வந்து ஒவ்வொன்றாக. இடது கண்ணை மூடினால் ஒரு உலகம், வலதை மூடினால் வேறு. ஹால் சுவர் சந்தனம் என்று நினைத்திருந்தேன், வெள்ளை. வில்லை எண் 1, தூய வெள்ளையேதான். கம்பெனிப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். 9, கத்திரிப்பூ. இடது கண்ணுக்கு இன்னும் காப்பிக்கொட்டை.

ஏழு. நீலம். பதினொன்று, கறுப்பு. பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடச் சொல்லும்.

என் பச்சைப் புடவைக்கு இரண்டு வருடமாக என்ன ரவிக்கை போட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் பார்த்துவிட்டேன். இவரிடம், "ஏங்க, இதச் சொல்லக்கூடாதா?" என்றேன். "ஃபேஷன்னு நெனச்சேன்" என்றார்.

பிப்ரவரி 11, புதன்

கறுப்புக் கண்ணாடியோடு அரை நாள் கடை. கலர் பார்க்க மட்டும் கழற்றுகிறேன். அலமாரியில் நீலக் கட்டுகளுக்கு நடுவில் கறுப்பு, ஊதாவுக்கு நடுவில் காப்பி. நான் அடுக்கியவை. செல்வியும் நானும் பாதி சரி செய்தோம். கம்பெனிப் பெண்ணுக்குப் போன் செய்து, "ஏழு நீலம்தாம்மா, என் கண்ணுதான் சரியில்ல" என்றேன். "ஐயோ மேடம், இப்ப எப்படி இருக்கு?" என்று அவள் விசாரித்ததில் ஐந்து நிமிடம் போயிற்று.

பன்னிரண்டு மணிக்கு பத்மா. கடைக்கு வந்து ஏழு மாதம். கவுண்டரில் ஒரு புடவையை விரித்தாள். ராமர் நீலத்தில் மெல்லிய ஊதா ஓட்டம், மடிப்பில் ஒரு கலர், வெளிச்சத்தில் ஒரு கலர்.

"இதுக்கு பிட் குடு."

செல்வி நகர்ந்து வந்தாள். வேண்டாம் என்று கையால் நிறுத்தினேன். புடவையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். இடது கண்ணை மூடிக்கொண்டேன். மூன்று கட்டு எடுத்துவரச் சொல்லி, இரண்டைத் திருப்பி அனுப்பி, நாலாவது கேட்டு, அதில் வெட்டினேன்.

பத்மா பிட்டையும் புடவையையும் தானே வெயிலுக்குக் கொண்டுபோனாள். அவசரமே இல்லை அவளுக்கு. புரட்டினாள், கசக்கினாள், தூரத்தில் பிடித்தாள்.

"சரியா இருக்கு" என்றாள்.

பிறகு வில்லை மாதிரிகளைக் கேட்டாள். கவுண்டரில் பரப்பினேன். நீலத்தையும் கறுப்பையும் சேர்த்து வைப்பதே வம்பு, நல்ல கண்ணுக்குக்கூட விளக்கு கம்மியானால் ஏமாறும் என்றாள். ஏழாம் எண்ணை ஒதுக்கினாள். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்த கலரும் மதிப்பும்: வெள்ளை 1, சிவப்பு 5, மஞ்சள் 10, பாட்டில் பச்சை 50, கறுப்பு 100. "எண்ணையும் பெருசா அச்சடிக்கச் சொல்லு. அழகு கெட்டாலும் பரவால்ல" என்றாள் பத்மா. ஆர்டர் கொடுத்தாயிற்று. மூன்று வாரமாம்.

பத்மா ரவிக்கை அளவு பழசேதானாம். எழுதி வைத்தேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சிவராத்திரி. ஊரே கோயிலில். ஆட்டம் இல்லை. இடது கண் தேதி மார்ச் 12.

இவர் சுண்டல் வாங்கப் போய் நாமக்கட்டி வாங்கி வந்திருக்கிறார். ஏன் என்று கேட்கவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. மலை பாறை பாறையாகத் தெரிகிறது. கலை இரண்டே முக்காலுக்கே வந்து பாயை விரித்தாள். புது வில்லை வரவில்லை, பழைய பெட்டிதான். மூன்று பேருக்கு வில்லை பிரித்தேன். எப்போதும் பெட்டியை வைத்துக்கொண்டு பிரித்துக் கொடுப்பது நான்தான்.

மூன்று பத்துக்குக் கேட் சத்தம். பத்மா. கையில் தன் தண்ணீர் பாட்டில். கலை சீட்டுக்கட்டைத் தப்பாகக் கலைத்துக் கீழே கொட்டினாள்.

பத்மா நேராக என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தள்ளு. பெட்டியக் குடு. இனிமே நான் பிரிக்கறேன்."

கொடுத்தேன். தள்ளி உட்கார்ந்தேன்.